கையெழுத்து மட்டும் போட்ட தாள்

பதினொன்றுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போதே வந்து உட்கார்ந்துவிட்டேன், இப்போது பதினொன்று ஐந்து, கூட்ட மன்றத்தில் உறுப்பினர் என்று நான் ஒருவன்தான் இருக்கிறேன். தலைவரோடு சேர்த்துப் பதினைந்து நாற்காலி, பதினாலு காலி. தலைவர் நாற்காலிக்கு மட்டும் முதுகு உயரம், அதில் ஒரு பூத்துவாலை விரித்திருக்கிறார்கள், மஞ்சளில் பெரிய பெரிய பூ, இந்த மூன்று வருடத்தில் அந்தத் துவாலையை யார் துவைக்கிறார்கள் என்று ஒரு நாள்கூட நான் யோசித்ததில்லை, இன்றைக்குப் பார்த்து யோசிக்கிறேன், யோசிக்க வேண்டியதை விட்டுவிட்டு. எதிரே செயல் அலுவலர் தீபலட்சுமி மேடம், மாற்றலாகி வந்து நாலே மாதம், முன்னால் கோப்பு. பக்கத்தில் எழுத்தர் மோகனசுந்தரம், யார் முகத்தையும் பார்க்காமல் வேலை செய்யப் பழகிய மனுசர். நெடுங்கரை பேரூராட்சித் தலைவர் வைரவன் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம், அதற்குத்தான் இந்தக் கூட்டம். கையெழுத்துப் போட்டவர்கள் பத்துப் பேர், ஆறு பேர் தலைவரின் கட்சி, அதாவது எங்கள் கட்சி, நாலு பேர் எதிர்க்கட்சி. முதல் கையெழுத்து தவமணி, ஏழாவது வார்டு, மாவு மில். நான்தான். பதினொன்றரைக்குள் எட்டுப் பேராவது வந்து உட்கார வேண்டும், இல்லாவிட்டால் தீர்மானம் தானாக விழுந்துவிடும் என்று மேடம் சட்டப் புத்தகத்தைப் பார்த்து வாசித்தார். எனக்காக மட்டும் வாசித்தார். நானும் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, மற்றவர்கள் கேட்கிறார்களா என்று பின்னால் திரும்பிப் பார்த்தேன், பழக்கதோஷம். காலையில் வேட்டி கட்டும்போதே குழப்பம். சொந்தக் கட்சித் தலைவரை எதிர்த்து ஓட்டுப் போடப் போகிறவன் கட்சிக் கரை வேட்டியோடு போகலாமா என்று பீரோவைக் குடைந்தேன், ஏழு வேட்டி இருந்தது, ஏழிலும் கரை. என் கல்யாண வேட்டிக்கும் கரைதான். என் மனைவி தனபாக்கியம் கதவோரம் நின்று, "லுங்கியக் கட்டிக்கிட்டுப் போங்க, யாரு கேக்கப் போறா" என்றாள். அவளுக்கு எல்லாம் விளையாட்டு. விளையாட்டில்லை, பயம் வந்தால் அவள் அப்படித்தான் பேசுவாள்.

பதினொன்று ஒன்பது. வரமாட்டார்கள், அது எனக்கு நேற்றே தெரியும். மாவட்டச் செயலாளர் ஆள் அனுப்பியிருந்தார், மூன்றாவது வார்டு கவுன்சிலர் ஞானதுரை வேனோடு வந்து மில் வாசலில் நின்று, "குத்தாலத்துல சீசன் நல்லா இருக்காம்ணே, ரெண்டு நாள் குளிச்சிட்டு வருவோம், தீர்மானம் தன்னால விழுந்துரும், நாம யாரும் விழ வேண்டாம்" என்றான். வேனுக்குள் பார்த்தேன், எங்கள் ஆட்கள் ஐந்து பேர், எதிர்க்கட்சி நாலு பேர், மடியில் துண்டும் எண்ணெய்ப் பாட்டிலும். நெடுங்கரையில் இரண்டு கட்சியும் ஒரே வண்டியில் ஏறியது நேற்றுத்தான் முதல் தடவை. நான் வயிறு சரியில்லை என்றேன். மனசு சரியில்லை என்று சொல்லியிருக்கலாம், வாயில் வந்தது வயிறுதான். அதற்கும் ஒரு பக்கம் சிரிப்பு வந்தது, முப்பத்தெட்டு வருடக் கட்சிக்காரன், எத்தனை பொதுக்கூட்டம், எத்தனை மறியல், ஒரு தடவை பதினேழு நாள் சிறை, கடைசியில் சொல்லக் கிடைத்த காரணம் வயிற்றுப்போக்கு. சிறையில் பக்கத்துப் பாயில் படுத்தவர் வைரவன் அண்ணன்தான். எனக்கு அங்கே காய்ச்சல் கண்டபோது தன் போர்வையை எனக்குப் போட்டுவிட்டுச் சட்டையோடு படுத்தார். என் மகளுக்குக் கட்சித் தலைவர் வாயால்தான் பெயர் வைப்பேன் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன், தலைவர் எங்கள் பக்கம் வருவதற்குப் பதினாலு மாதம் ஆயிற்று, அதுவரை பிள்ளை வெறும் பாப்பா, ரேஷன் கார்டிலும் பாப்பா, தடுப்பூசி அட்டையிலும் பாப்பா. கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு பிள்ளையை வாங்கித் தலைக்கு மேலே தூக்கி மேடைக்குக் கொண்டுபோனவர் அண்ணன். வெற்றிச்செல்வி என்று மைக்கில் கேட்டபோது நான் அழுதேன், அவரும் அழுதார். அப்படிப்பட்ட மனுசர்மேல் முதல் கையெழுத்தை நான் போட்டிருக்கிறேன். நன்றி கெட்டவன் என்று இப்போது குற்றாலத்தில் என்னைப் பேசிக்கொண்டிருப்பார்கள், தலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டே பேசுவார்கள். பேசட்டும். பேசட்டும் என்று சொல்லிக்கொள்கிறேனே தவிர வலிக்கிறது, இந்த ஊரில் என்னை இதுவரை யாரும் அந்தச் சொல்லால் சொன்னதில்லை.

மின்விசிறி சுற்றுகிறது, காலி நாற்காலிகளுக்கெல்லாம் காற்று. மேடம் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார். அவர் முன்னால் இருக்கிற கோப்பில் அந்தக் கடிதத்தின் நகல் இருக்கும், என் லெட்டர்பேடில், என் கையெழுத்தோடு. லெட்டர்பேடு அடித்த கதையை நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. ஜெயித்த மறுவாரம் அண்ணன் வீட்டில் கறிவிருந்து, விருந்து முடிந்து வெற்றிலை போடும்போது சொன்னார், "ஒவ்வொரு சின்ன வேலைக்கும் உங்கள நான் அலைய விடணுமா, ஆளுக்கு அஞ்சு லெட்டர்பேடுல கையெழுத்தப் போட்டுக் குடுத்துருங்கப்பா, தெருவிளக்கு, குழாய்னு அவசரத்துக்கு நானே எழுதிக்கிறேன்." நல்ல யோசனையாகத்தான் இருந்தது. கட்சியில் தலைவர் வெள்ளைத்தாள் கேட்டால் அதில் என்ன எழுதுவீர்கள் என்று கேட்கிறவனைச் சந்தேகப் பேர்வழி என்போம், பக்கத்தில் சேர்க்கமாட்டோம். எல்லாரும் ஐந்து கொடுத்தார்கள், எதிர்க்கட்சிக்காரர்கள்கூட வார்டு வேலை நடந்தால் சரி என்று மூன்று நாலு கொடுத்தார்கள். நான் இருபது கொடுத்தேன். ஐந்து கேட்டவருக்கு இருபது. மில்லை மூடிவிட்டு உட்கார்ந்து ஒவ்வொரு தாளின் அடியிலும் நிதானமாகப் போட்டேன், கையெழுத்து அழகாக இருக்க வேண்டும் என்று வேறு, இரண்டு தாளில் மை ஈஷிவிட்டதென்று கிழித்துப்போட்டு வேறு போட்டேன். அண்ணன் வாங்கிப் பார்த்துவிட்டு மற்றவர்களிடம் காட்டினார், "பாருங்கடா, இவன்தான் கட்சிக்காரன்." அந்த ஒரு வார்த்தை போதும், நான் ஒரு மாதம் தரையில் நடக்கவில்லை. மூன்று வாரத்துக்கு முன்னால் கோட்டாட்சியர் விசாரணையில் அதே இருபதில் ஒரு தாளை என் முன்னால் நீட்டினார்கள். சந்தைமுக்குச் சாக்கடைக் குழி அடைப்பை என் பொறுப்பில் ஆள் வைத்து உடனே எடுத்துக்கொள்கிறேன், அனுமதி வேண்டும் என்று டைப் அடித்திருந்தது. தேதி, இருளப்பன் செத்ததற்கு முதல் நாள். அடியில் தவமணி, மை ஈஷாத தவமணி. அன்றைக்குத்தான் நான் வெறிபிடித்த மாதிரி வீடு வீடாகப் போய்ப் பத்துக் கையெழுத்து வாங்கினேன். மறுநாளே அண்ணன் ஊருக்குள் ஒரே ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினார், எல்லாருடைய லெட்டர்பேடும் என் பீரோவில் பத்திரமாக இருக்கிறது என்று. அப்புறம்தான் குற்றாலத்தில் சீசன் ஆரம்பித்தது.

பதினொன்று பதினாறு. இருளப்பனைப் பற்றி நினைக்கக் கூடாது என்றுதான் துவாலை, வேட்டி, குற்றாலம் என்று சுற்றி வருகிறேன், எங்கே சுற்றினாலும் சந்தைமுக்குக்குத்தான் வந்து நிற்கிறது. ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர், முப்பத்து நாலு வயது, நான் மில்லைத் திறக்கும்போது என் தெருவைக் கூட்டி முடித்திருப்பான். ரெண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை, நாலு மணிக்கு அமைச்சர் சந்தைமுக்கில் கொடியேற்ற வருகிறார், பன்னிரண்டு மணிக்குக் குழி பொங்கிக் கொடிக்கம்பத்தைச் சுற்றி ஒரே நாற்றம். அடைப்பெடுக்கும் இயந்திரம் பக்கத்து ஊரிலிருந்து வர வேண்டும், மறுநாள்தான் முடியும் என்றுவிட்டார்கள். நான் அங்கே நின்றேன், அண்ணனுக்குப் போன் போட்டேன், இருளப்பன் பக்கத்தில் நின்றான். அண்ணன் போனில் சொன்னார், "நாளைக்கு வரைக்கும் அமைச்சர் மூக்கப் பொத்திக்கிட்டு நிப்பாராப்பா, எறக்கி விடு." அவ்வளவுதான் சொன்னார். அதற்கப்புறம் அவன் இறங்கினான். விசாரணையில் இப்படித்தான் சொல்ல நினைத்துப் போயிருந்தேன், தலைவர் சொன்னார், அவன் இறங்கினான் என்று. அதையும் சொல்ல விடாமல் அந்தத் தாள் வாயை அடைத்துவிட்டது. அவனைத் தூக்கும்போது மணி ஒன்றரை. ஆம்புலன்ஸ் போனது மூன்றுக்கு. கொடிக்கம்பத்தைப் பிடுங்கி மேற்கே பள்ளிவாசல் தெரு முனையில் நட்டார்கள், நாலரைக்கு அமைச்சர் வந்தார், கொடி ஏறியது. நானும் நின்றேன். வாழ்க என்று எல்லாரும் கத்தும்போது நானும் கத்தினேன், மற்ற நாளைவிடச் சத்தமாகக் கத்தினேன், சாயங்காலம் வீட்டுக்குப் போனால் தொண்டை கட்டிப் பேச்சு வரவில்லை. தனபாக்கியம் வெந்நீரில் உப்புப் போட்டுக் கொண்டுவந்து வைத்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். அவள் கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேனோ என்னவோ, இப்போது அவள்மேல் பழி போடுகிறேன் பார், இதுதான் என் புத்தி.

தலைவர் சொன்னார், அவன் இறங்கினான். இந்த வாக்கியத்தை ரெண்டு மாதமாக மனசுக்குள் சொல்லிச் சொல்லி வழுவழுப்பாக்கி வைத்திருக்கிறேன். ஆனால் போன் என் காதில் இருந்தது. இருளப்பன் காதில் இல்லை. அண்ணன் சொன்னது அவனுக்கு எப்படிக் கேட்டிருக்கும்? நடுவில் ஒரு ஆள் சொல்லியாக வேண்டும். தலைவர் சொல்றாரு என்று நான் சொன்னேன், சரி, அதைத்தான் சொன்னேன், அது இறங்கச் சொன்னதாகாது, தகவல் சொன்னது. இல்லை. போன வாரம் பவுனுத்தாயி மில்லுக்குக் கம்பு அரைக்க வந்திருந்தாள், இருளப்பன் மனைவி, வரிசையில் நின்று தன் முறை வந்ததும் டின்னை வைத்தாள். மில் ஓடுகிற சத்தத்தில் ஏதோ கேட்டாள், எனக்குக் கேட்கவில்லை, கேட்கவில்லை என்று கையை ஆட்டினேன், அவள் காத்திருந்து மோட்டாரை நிறுத்தினதும் மறுபடி கேட்டாள், "அண்ணே, நீங்க பக்கத்துலதான நின்னீங்க, அவரு எறங்குறப்ப என்னமும் சொன்னாரா?" என்னைக் குற்றம் சொல்ல வரவில்லை அவள். புருசன் கடைசியாகப் பேசியது என்னவென்று தெரிந்துகொள்ள வந்தாள், அவ்வளவுதான். பின்னால் ஆறு பேர் நின்றார்கள். "ஒண்ணும் சொல்லலம்மா" என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டு டின்னைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அவன் சொன்னான். மூடியை நகர்த்திக் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்து, "அண்ணே, வாடை சரியில்ல, எப்பவும் வர்ற வாடை இல்ல, மெசினு வரட்டுமே" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். அதற்கு நான் என்ன சொன்னேன்? தலைவர் சொல்றாரு என்றா சொன்னேன்? சொன்னேன், அதுவும் சொன்னேன். அதற்கப்புறம் வாட்சைப் பார்த்தேன். "அரைமணி நேர வேலைக்கு இவ்வளவு யோசிக்கிறியேப்பா, எறங்கு, நான் நிக்கிறேன்ல" என்றேன். நான் நிக்கிறேன்ல. நின்றேன், நின்றபடியே மூக்கில் துண்டை வைத்துக்கொண்டேன். அந்தத் தாளில் இருப்பது பொய்யென்று மூன்று வாரமாக ஊரெல்லாம் கத்துகிறேனே, என் பொறுப்பில் ஆள் வைத்து என்று டைப் அடித்திருக்கிறதே, அது நான் எழுதாதது, ஆனால் நான் செய்யாததா? அண்ணனுக்கு அது தெரிந்திருக்கிறது. பொய்த் தாளில் பாதி நிஜத்தை வைத்தால் நான் வாயைத் திறக்கமாட்டேன் என்று அவருக்குத் தெரியும், முப்பத்தெட்டு வருடப் பழக்கம் வேறு எதற்கு.

பாக்கெட்டில் போன் அதிர்கிறது. வைரவன் அண்ணன். பதினொன்று இருபத்து மூன்று. எடுக்க வேண்டாம் என்று நினைக்கும்போதே விரல் எடுத்துவிட்டது, அவர் கூப்பிட்டு நான் எடுக்காமல் இருந்ததே கிடையாது. "சாப்ட்டியாப்பா" என்றார். ஆச்சுண்ணே என்றேன், சாப்பிடவில்லை. "தனியா உக்காந்துருக்கியாமே. யாருக்காகப்பா இந்தப் பிடிவாதம்?" போனை மறு காதுக்கு மாற்றினேன். "நான் ஒம்மேல கோவமா இல்ல, தவமணி. லெட்டர் வெறும் லெட்டருதான், நீயும் நானும் ஒண்ணா நின்னா அது விபத்துன்னு முடிஞ்சிரும், ரெண்டு பேருக்கும் ஒண்ணும் ஆகாது. நீ பேசுனேன்னு வையி, எறங்கச் சொன்னது யாருன்னு வரும். அந்த எடத்துல நின்னது நீயி. நான் இல்ல." அதட்டவே இல்லை. அன்றைக்குச் சிறையில் எனக்குப் போர்வை போர்த்தியபோது பேசிய அதே குரல். ஒரு நொடி, சத்தியமாக ஒரு நொடி, எழுந்துபோய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளலாம் போல ஆசையாக இருந்தது. மனுசனுக்குத் தனியாக இருக்க முடியாது, அதுதான் விசயம், கொள்கை எல்லாம் அப்புறம். இந்த ஊரில் டீக்கடையில் எனக்கு இடம் விடுகிறவர்கள், கல்யாணத்தில் முன்வரிசையில் உட்காரச் சொல்கிறவர்கள், எனக்கு ஒன்றென்றால் ஓடி வருகிறவர்கள் எல்லாரும் அந்தக் குரலுக்குப் பின்னால் இருக்கிறார்கள். இந்தப் பக்கம் பதினாலு காலி நாற்காலி. "அண்ணே" என்றேன். "சொல்லுப்பா" என்றார். "அவன் வாடை சரியில்லன்னு சொன்னாண்ணே." எவன், என்ன வாடை என்று அவர் கேட்கவில்லை, "அத யாருகிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்காத" என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஆக, அவருக்கும் கேட்டிருக்கிறது. அன்றைக்குப் போன் வைக்காமல்தான் நான் இருளப்பனிடம் பேசினேன், போன் காதில், வாய் அவனிடம். அவன் சொன்னதும் நான் சொன்னதும் எல்லாம் அண்ணன் காதில் விழுந்திருக்கிறது. வேண்டாம்ப்பா, விடு, மெசினு வரட்டும் என்று ஒரு வார்த்தை அவர் சொல்லியிருக்கலாம். நானும் சொல்லியிருக்கலாம். பயம் என்றால் இப்போதுதான் பயம், கையை வேட்டி மடிப்பில் துடைத்துக்கொள்கிறேன், கட்சிக் கரையில்தான் துடைக்கிறேன், வேறு இடமில்லை. கேஸ், கோர்ட், ஐம்பத்தெட்டு வயதில் மறுபடி சிறை, இந்தத் தடவை வாசலில் மாலையோடு யாரும் நிற்கமாட்டார்கள். வெற்றிச்செல்வி மாமியார் வீட்டில் என்ன சொல்வாள்? தனபாக்கியம் மில்லை ஓட்டுவாளா, பெல்ட் மாட்டத் தெரியுமே, ஓட்டிவிடுவாள். பின்னால் கதவு சத்தம் கேட்டுத் திரும்பினேன், யாரோ ஒருவராவது வந்துவிட்டார்களோ என்று. பியூன் தண்ணீர் கொண்டுவந்திருக்கிறார். பதினைந்து டம்ளர் வைத்த தட்டு, எனக்கு ஒன்றை வைத்துவிட்டு மிச்சத்தை அப்படியே திருப்பி எடுத்துப் போகிறார்.

"பதினொன்றரை ஆயிடுச்சு," என்றார் மேடம், "போதிய உறுப்பினர்கள் வராததால தீர்மானம் எடுத்துக்கொள்ளப்படல. எழுதிக்குங்க சார்." மோகனசுந்தரம் எழுதினார். நான் எழுந்திருக்கவில்லை. மேடம் கோப்பைக் கட்டிவிட்டு என் பக்கம் வந்து குரலைத் தணித்துக்கொண்டார், "சார், நீங்க இன்னும் வருகைப் பதிவேட்டுல கையெழுத்துப் போடல. போடாமலே கிளம்பிடுங்க. யாருமே வரலன்னு எழுதிடறேன், உங்களுக்கு நல்லது." நல்ல மனசு அந்தப் பெண்ணுக்கு, எனக்குக் கண் கலங்கிவிட்டது, இன்றைக்குக் காலையிலிருந்து என் நல்லதை நினைத்துப் பேசியவர்கள் எல்லாரும் என்னைக் கிளம்பத்தான் சொன்னார்கள். பதிவேட்டை இழுத்து ஏழாவது வரிசையில் கையெழுத்துப் போட்டேன். பிறகு எழுந்து நின்று சொன்னேன். "கோட்டாட்சியர் பாத்த லெட்டர்ல இருக்கிறது என் கையெழுத்து மேடம், மேல இருக்கிற எழுத்து நான் எழுதல, வெறுந்தாள்ல கையெழுத்துப் போட்டுத் தலைவர்கிட்ட இருபது குடுத்தேன். ஆனா இருளப்பன எறங்கச் சொன்னது நாந்தான். தலைவர் போன்ல சொன்னாரு, நான் வாயால சொன்னேன். வாடை சரியில்லன்னு அவன் சொன்னான், ரெண்டு பேருமே கேட்டோம், கேட்டுட்டுத்தான் எறங்கச் சொன்னேன்." மேடம் கையிலிருந்த கோப்பை மேசையில் வைத்தார். "சார், இது உங்கமேலயே கேஸாகும்." "ஆகட்டும்மா. ரெண்டு பேர் மேலயும் ஆகட்டும். யாராவது ஒருத்தர மட்டும் எழுதி முடிச்சிராதீங்க." முப்பத்தெட்டு வருடம் கட்சியில் இருந்து நான் பேசிய முதல் பேச்சு இது. கேட்டவர்கள் இரண்டு பேர், அதில் ஒருவர் புதுத் தாள் எடுத்து எழுதத் தொடங்கினார்.